முகவரி இல்லாத 75 நாட்கள்: பெர்லினில் ஒரு தமிழ் மாணவர் குடியேறிய கதை – ஒரு நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை பெர்லின் விமான நிலையத்தில் வந்திறங்கிய நெல்லை மாவட்டத்து இளைஞர் ஒருவருக்கு, அந்நகரில் சட்டப்படியான முகவரி கிடைத்த நாள் டிசம்பர் 13. இடைப்பட்ட 75 நாட்களில் அவருக்கு என்னென்ன நேர்ந்தன, அவற்றில் எது எதனால் விளைந்தது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். நான் அதே நகரில் பல ஆண்டுகளாக வசிப்பவன். புதிதாக வரும் மாணவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, அலுவலகங்களுக்குத் துணைக்குப் போவது போன்ற உதவிகளை ஓய்வு நேரத்தில் செய்து வருபவன். இந்த மாணவரை நான் முதலில் சந்தித்தது நவம்பர் நடுவில். அதற்கு முந்தைய விவரங்கள் அவர் சொன்னவை. அவருடைய கைப்பேசியில் இருந்த மின்னஞ்சல்களோடும் ரசீதுகளோடும் அவற்றை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயரையும், ஆளை இன்னாரென்று காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

வருவதற்கு முன்

அவருக்கு அப்போது வயது 23. கோயம்புத்தூரில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு, பெர்லினில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் பெற்றிருந்தார். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு முந்நூறு யூரோ அளவில் ஒரு தொகை கட்ட வேண்டியிருந்தது, நகரப் போக்குவரத்துச் சீட்டும் அதிலேயே அடக்கம். ஆனால் விசா பெறுவதற்கு ஓராண்டுச் செலவுக்கான 11,208 யூரோவை 'பிளாக்டு அக்கவுன்ட்' எனப்படும் முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. மாணவர் ஜெர்மனிக்கு வந்து ஒரு வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் அதிலிருந்து மாதம் 934 யூரோ வீதம் கைக்கு வரும் என்பது அப்போதைய ஏற்பாடு. இந்தத் தொகைக்காக அவருடைய தந்தை வீட்டை ஈடாக வைத்துக் கல்விக் கடன் வாங்கியிருந்தார். இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயமாகிவிட்டதால், அதற்கும் சேர்த்து ஏறத்தாழ ஓராண்டு காலம் ஆயத்தத்திலேயே கழிந்திருந்தது.

ஆகவே இவர் எதையும் தெரிந்துகொள்ளாமல் கிளம்பி வந்தவர் அல்லர். அவரிடம் ஒரு கன்சல்டன்சி நிறுவனம் கொடுத்த பல பக்கப் பட்டியல் இருந்தது; நானே அதைப் புரட்டிப் பார்த்தேன். குக்கர் எத்தனை லிட்டர், சாம்பார்ப் பொடி எத்தனை கிலோ, எந்த ஊருக்கு எந்த மாதத்தில் எத்தகைய கோட்டு என்பதெல்லாம் விரிவாக இருந்தன. முகவரிப் பதிவைப் பற்றி ஒரே ஒரு வரி: "வந்து சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன் செய்துவிடவும்." இந்த ஒரு வரியிலும் ஒரு பிழை இருந்தது. சட்டம் சொல்வது நாட்டுக்குள் வந்த நாளிலிருந்து இரண்டு வாரம் அல்ல. ஒரு வீட்டில் குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரம். வீடே கிடைக்காதவருக்கு இந்த வேறுபாடு பெரிது. அக்டோபர் 13ஆம் தேதி கடந்ததும், தான் சட்டத்தை மீறிவிட்டதாகவும் யாராவது கேட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் இவர் நம்பத் தொடங்கினார். அந்த அச்சத்தாலேயே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தை அவர் நெருங்கவே இல்லை.

அன்மெல்டுங் என்னும் முடிச்சு

ஜெர்மனியில் குடியிருப்பைப் பதிவு செய்வதை அன்மெல்டுங் என்கிறார்கள். பெர்லினில் இதை பியூர்கர்ஆம்ட் எனப்படும் குடிமக்கள் அலுவலகங்களில் செய்ய வேண்டும். நகரின் எந்த வட்டாரத்து அலுவலகத்திலும் செய்யலாம், ஆனால் முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்க வேண்டும். 2015 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிப் பதிவுச் சட்டத்தின்படி, குடியேறியவர் தானாகப் போய் 'இங்கே இருக்கிறேன்' என்று சொன்னால் போதாது. வீடு கொடுத்தவர் கையொப்பமிட்ட உறுதிச் சான்றையும் கொண்டுபோக வேண்டும். வீடு கொடுத்தவர் அதைத் தர மறுத்தால் 1,000 யூரோ வரை அபராதம். உண்மையில் யாரும் குடியேறாத வீட்டுக்குச் சான்று கொடுப்பவருக்கு அபராதம் 50,000 யூரோ வரை போகும். இவ்வளவு தொகை எதற்கு என்றால், முகவரியை விற்பதும் ஒரு தொழிலாக நடந்ததுண்டு.

பதிவு முடிந்ததும் அலுவலகம் தரும் ஒற்றைத் தாளிலிருந்துதான் மற்றவையெல்லாம் கிளைக்கின்றன. பதிவு செய்தால்தான் வரித்துறை பதினோரு இலக்க வரி எண்ணைத் தபாலில் அனுப்பும். வரி எண் இல்லாவிட்டால் முதலாளி ஆறாம் வரி வகுப்பில் வைத்துச் சம்பளத்தின் முதல் யூரோவிலிருந்தே பிடித்தம் செய்வார். பல வங்கிக் கிளைகள் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. மருத்துவக் காப்பீட்டு அட்டை தபாலில் வருகிறது. விசாவைத் தங்கும் அனுமதியாக மாற்றிக்கொள்ள நகரக் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்திலும் முகவரி வேண்டும். ஊரில் ஆதார் அட்டையில் பழைய முகவரியை வைத்துக்கொண்டு ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டிவிடும் நமக்கு, இருக்கும் இடத்தை அரசுக்குச் சொல்லாமல் இங்கே ஓரடியும் நகர முடியாது என்பது எளிதில் உறைப்பதில்லை.

சரி, முகவரியுள்ள வீடு ஏன் கிடைப்பதில்லை? பெர்லின் ஒரு காலத்தில் வீடு மலிந்த நகரம். கிழக்கும் மேற்கும் இணைந்த பிறகு எதிர்பார்த்தபடி மக்கள்தொகை பெருகாததாலும் நகர அரசு கடனில் மூழ்கியிருந்ததாலும் பொதுக் குடியிருப்புகள் விற்கப்பட்டன. 2004இல் ஒரே பேரத்தில் ஏறத்தாழ 65,000 வீடுகள் தனியார் கைக்குப் போயின. பின்னர் மக்கள் வந்து குவிந்தார்கள், வாடகை ஏறியது. 2020இல் கொண்டுவந்த வாடகை உச்சவரம்புச் சட்டத்தை மறு ஆண்டே அரசமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. பெருநிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கலாம் என்று 2021 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆதரித்தும் அது செயலுக்கு வரவில்லை. ஏறத்தாழ 2,00,000 மாணவர்கள் படிக்கும் நகரில் மாணவர் நல அமைப்பின் விடுதிகளில் இருக்கும் இடங்கள் சுமார் 9,000. நம் மாணவர் அதற்கும் விண்ணப்பித்திருந்தார். காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்ததாக மின்னஞ்சல் வந்தது, அத்தோடு சரி.

நடந்தவை

முதல் மூன்று வாரம் லிஷ்டன்பெர்க் பகுதியில், கல்லூரியில் தனக்கு மூத்தவரான ஓர் அண்ணனின் அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தார். அந்த அண்ணனே உள்வாடகைக்கு இருப்பவர், அதனால் இவருக்குச் சான்று எழுதிக் கொடுக்க வழியில்லை. அந்த நாட்களில் ஃபிரீட்ரிஷ்ஷைன் பகுதியில் ஓர் ஒற்றையறை வீடு 450 யூரோவுக்கு என்று விளம்பரம் கண்டார். தான் வேலை நிமித்தமாக ஸ்பெயினில் இருப்பதாகவும், ஒரு மாத முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் வீட்டுக்காரர் எழுதினார். படங்களும் ஒப்பந்தமும் கடவுச்சீட்டின் நகலும் வந்தன; சாவி மட்டும் வரவில்லை. இந்த மோசடி பழையது, பெர்லினில் வீடு தேடிய எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் இவருக்கு இழப்பு 450 யூரோவோடு நிற்கவில்லை. சொந்த வங்கிக் கணக்கு இல்லாததால் பணத்தை அண்ணனின் கணக்கிலிருந்துதான் அனுப்பியிருந்தார். அண்ணன் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுவே தாங்க முடியாமல் போய், கிடைத்த முதல் அறைக்கு மாறிவிட்டார்.

அந்த அறை நகரின் கிழக்கோரத்தில் மார்ட்சானில், கிழக்கு ஜெர்மனிக் காலத்து முன்வார்ப்புக் கான்கிரீட் அடுக்குமாடி ஒன்றில் இருந்தது. மாத வாடகை 520, முன்பணம் 520, இரண்டும் ரொக்கமாக. ரசீது கிடையாது, வாட்ஸ்அப் உரையாடல் மட்டுமே சான்று. "அன்மெல்டுங் முடியாது" என்று அறையைக் கொடுத்தவர் முதலிலேயே சொல்லிவிட்டார். காரணம் வெளிப்படை: அவரும் குடித்தனக்காரர்தான், உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் உள்வாடகைக்கு விட்டிருந்தார். இப்படிப்பட்ட அறைகள்தான் புதியவர் கைக்கு முதலில் எட்டுகின்றன, ஏனெனில் விவரம் தெரிந்தவர்கள் அவற்றை எடுப்பதில்லை.

அவர் கையோடு கொண்டுவந்தது ஃபோரெக்ஸ் கார்டில் 1,500 யூரோ. வாடகைக்கும் முன்பணத்துக்கும் 1,040 போயிற்று, காப்பீட்டுக்கு 120 அளவில் போயிற்று. முடக்கப்பட்ட கணக்கிலோ பதினோராயிரத்துக்கு மேல் கிடந்தது. ஆனால் அதை எடுக்க வங்கிக் கணக்கு வேண்டும், அவர் போன கிளையோ பதிவுச் சான்றைக் கேட்டது. அப்பன் வீட்டை அடகு வைத்த பணம் கண்ணெதிரே திரையில் எண்ணாகத் தெரிய, பல்பொருள் அங்காடியில் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்று காலிப் புட்டிகளைப் பொறுக்கிச் சேர்த்ததாக அவர் சொன்னபோது அதில் தன்னிரக்கம் எதுவும் இல்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னார். பிறகு ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். மணிக்கு 7 யூரோ, எழுத்தில் எதுவும் இல்லை. அப்போது சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் 12 யூரோ. ஒன்பது நாள் வேலை செய்து, கடைசி மூன்று நாளுக்குக் கூலி வராமல் வெளியேறினார். கணக்கில் வராத வேலை பிடிபட்டால் தங்கும் அனுமதிக்கே ஊறு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் போனார் என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 29ஆம் தேதி, ஞாயிறு அதிகாலையில் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளினார்கள். அதுவரை ஊருக்கும் பெர்லினுக்கும் மூன்றரை மணி நேர வேறுபாடு, அன்றிலிருந்து நான்கரை. அவர் வழக்கமாக இரவு ஏழு மணிக்கு வீட்டுக்குப் பேசுவார். ஊரில் பத்தரை ஆகியிருக்கும், தாயார் விழித்துக் காத்திருப்பார். அன்று ஏழு மணிக்கு அழைத்தபோது அங்கே பதினொன்றரை. தாயார் தூக்கக் கலக்கத்தோடு எடுத்து, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டிருக்கிறார். "சாப்பிட்டேம்மா, சாம்பார் வச்சேன்" என்றார் இவர். அன்று ஞாயிறு, கடைகள் மூடியிருந்தன, முதல்நாளே ஏதாவது வாங்கி வைக்க வேண்டும் என்பதை மறந்திருந்தார். சாப்பிட்டது ரொட்டியும் ஊறுகாயும். அதற்குப் பிறகு வீட்டில் தூக்கம் கெடுகிறது என்பதைக் காரணம் காட்டிப் பேச்சை வாரம் ஒரு முறையாகக் குறைத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கியிருந்தது. வகுப்புகள் அக்டோபர் 16இல் தொடங்கியிருந்தும், நவம்பரில் அவர் போனது பாதி நாட்கள்தாம். இரவில் தூக்கம் இல்லை, காலையில் எழ முடியவில்லை.

இடையீடு

நாங்கள் சந்தித்தது தற்செயல். நொய்க்கோல்ன் பகுதியில் ஈழத்தமிழர் ஒருவர் நடத்தும் மளிகைக் கடையில் கறிவேப்பிலையின் விலையைக் கேட்டுவிட்டு எடுத்ததைத் திரும்ப வைத்த பையனிடம், ஊர் எது என்று கேட்டேன். அரை மணி நேரப் பேச்சில் அவர் சொன்ன காரணங்கள் மூன்று: குளிர், தனிமை, மொழி. முகவரியைப் பற்றி அவர் கடைசியில்தான் சொன்னார், அதுவும் தன் குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போல. எனக்கோ அதுதான் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சாகத் தெரிந்தது. குளிரையும் இருட்டையும் நானோ அவரோ ஒன்றும் செய்துவிட முடியாது.

வங்கிதான் எளிது என்று அங்கிருந்து தொடங்கினோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாவிட்டாலும், அடிப்படைக் கணக்கு ஒன்று தர வேண்டும் என்று ஜெர்மானியச் சட்டம் 2016 ஜூன் முதல் வங்கிகளைக் கட்டாயப்படுத்துகிறது; விண்ணப்பம் வந்த பத்து வேலை நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். அதற்கான படிவத்தைப் பெயர் சொல்லிக் கேட்டதும் கவுன்டரில் இருந்தவர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நவம்பர் இறுதியில் கணக்கு திறந்தது, நிலுவையோடு பணம் வந்தது. அண்ணனின் 450 யூரோவைத்தான் முதலில் அடைத்தார்.

அறையைத் தேடித் தந்தது அந்தக் கடைதான். இங்கே சற்று விலகிச் சொல்ல வேண்டும். 1980களில் இலங்கைத் தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராசே ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். நகரப் பிரிவினையை ஏற்காத மேற்குத் தரப்பு அங்கே கடவுச்சீட்டைச் சோதிப்பதில்லை என்பதால் அது 1986 வரை திறந்த வாசலாக இருந்தது. அவர்களில் இந்நகரிலேயே தங்கிவிட்டவர்கள் முகவரி, அனுமதி, முத்திரை ஆகிய மூன்றுக்காகவும் எங்களைவிடப் பன்மடங்கு அலைந்தவர்கள். பிரிட்ஸ் பகுதியில் பிளாஷ்கோ சாலையில் உள்ள ஸ்ரீ மயூரபதி முருகன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனால், இதைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் பந்தியில் இருபுறமும் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் நம் மாணவருக்கு வரும்போதே ஒரு புத்திமதி சொல்லி அனுப்பியிருந்தார்கள்: "நம்ம ஆட்களோடயே சுத்தாதே, அப்புறம் ஜெர்மன் வராது." மொழிக்கு அது சரியான யோசனையாக இருக்கலாம். அறை கிடைப்பதற்கு முன் அதைப் பின்பற்றுவது தவறு என்பது என் கருத்து.

கடைக்காரரின் உறவினரான அக்கா ஒருவருக்கு பிரிட்ஸில் சொந்த அடுக்குமாடி வீடு இருந்தது. மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போனதால் ஓர் அறை காலி. வாடகை 400. அக்கா உரிமையாளர் என்பதால் சான்றில் கையொப்பமிட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊர்க்காரர், மொழிக்காரர் என்ற பாசம் அறையைக் காட்டியது உண்மை. ஆனால் கணக்கு நேரானது அந்த உரிமையால்தான். அதே பாசத்தோடு தரையில் மெத்தை போட்ட அண்ணனால் அது முடியவில்லையே. டிசம்பர் 1இல் குடியேறினார். நேரம் வாங்குவதற்கு நகரத்தின் முன்பதிவுப் பக்கத்தைக் காலையில் திரும்பத் திரும்பத் திறந்து, யாரோ விட்டுக்கொடுத்த இடத்தைப் பிடித்தோம். டிசம்பர் 13, புதன்கிழமை. உள்ளே இருந்தது பத்து நிமிடம். வெளியே வந்து அந்தத் தாளை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார், பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது.

கடிதப் பெட்டி

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஜனவரி நடுவிலும் வரி எண் வரவில்லை, காப்பீட்டு அட்டையும் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த கிடங்கு வேலையில் ஜனவரிச் சம்பளத்தை ஆறாம் வகுப்பில் பிடித்துவிட்டார்கள். தபால் தாமதம் என்றே நானும் நினைத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது, தரைத்தளத்தில் வரிசையாக இருந்த பத்துத் தகரப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று பார்த்தேன். பெர்லின் அடுக்குமாடிகளில் வழக்கமாகக் கதவு எண் கிடையாது. தெருவும் கட்டட எண்ணும்தான் முகவரி; அதற்கு மேல் அழைப்பு மணியிலும் கடிதப் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரை வைத்துத்தான் தபால்காரர் ஆளைக் கண்டுபிடிப்பார். அக்காவின் குடும்பப் பெயர் அச்சிட்ட தகட்டுக்குக் கீழே, செல்லோடேப் ஒட்டிய துண்டுச்சீட்டில், நீல மையில், அழகான கையெழுத்தில் மாணவரின் பெயர் இருந்தது. அவருடைய பெயர் மட்டும்.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருந்தது அவருடைய தந்தையின் பெயர். நமக்கு அது வெறும் தலைப்பெழுத்து, கையொப்பத்தில் ஒரு புள்ளியோடு நிற்பது. ஜெர்மானிய அலுவலகத்துக்கு அதுவே ஆளின் பெயர். கடிதங்கள் அனைத்தும் 'திரு. தந்தை பெயர்' என்றே அனுப்பப்படும். தபால்காரர் அந்தப் பெயரைத் தேடி, காணாமல், திருப்பி அனுப்பியிருக்கிறார். படியிறங்கி வந்த அக்கா சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ தம்பி, இதை எனக்கு முதலே காட்டியிருக்கலாமே. நாங்கள் வந்த புதிசில எங்கட கடிதமும் இப்பிடித்தான் திரும்பினது" என்றார். அன்று மாலையே இரண்டு பெயரையும் அச்செடுத்து மணியிலும் பெட்டியிலும் ஒட்டினோம். வரி எண்ணை மறுபடி அனுப்பும்படி எழுதி, பிப்ரவரி இரண்டாம் வாரம் அது வந்து சேர்ந்தது. எனக்கும் இதில் பங்குண்டு: பதிவு அலுவலகம் வரை கூடவே போன நான், வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்க்கவில்லை.

மதிப்பீடு

இந்த நிகழ்வில் பணம் போதாமை காரணம் அல்ல. பணம் இருந்தது, எட்டவில்லை. மாணவரின் சோம்பல் காரணம் என்று அவருடைய தந்தை பின்னாளில் தொலைபேசியில் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. அறை, பதிவு, கணக்கு ஆகியவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க, எங்கேனும் ஒரு கண்ணியைத் தனியே கழற்றலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. யாரையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமல் இருந்ததற்கு அந்த இரண்டு வாரக் கெடு பற்றிய தவறான வரிக்கும், வீட்டில் சொன்ன சாம்பாருக்கும் சம பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு டிசம்பரில் போனபோது, அங்கிருந்தவர் இதையெல்லாம் வாரத்துக்குப் பலமுறை கேட்பதாகச் சாதாரணமாகச் சொன்னார். மாணவர் நல அமைப்பின் கட்டணமில்லா உளவியல் ஆலோசனைக்கு வழிகாட்டியதும் அவர்தான். ஆங்கிலத்திலேயே பேச முடிந்தது. நான்கு அமர்வுகள் போனார், தூக்கம் ஓரளவு திரும்பியது.

2024 மார்ச் இறுதியில் நிலைமை இது. விசா முடிவதற்கு முன்பே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டதால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடர்வதாகச் சட்டம் கருதுகிறது. அதற்கான சான்றோடு காத்திருக்கிறார். ஐந்து தாள்களில் இரண்டில் தேர்ச்சி, ஒன்றில் தோல்வி, இரண்டை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார். ஜனவரியில் கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெற அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கிடங்கு வேலை நீடிக்கிறது. மாணவர்கள் ஆண்டுக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்றிருந்த வரம்பு மார்ச் 1 முதல் 140 ஆகியிருப்பது அவருக்கு உதவும். மார்ட்சான் அறையின் முன்பணத்துக்காக, கெடு தேதி குறித்து ஜெர்மன் மொழியில் ஒரு பதிவுத் தபால் எழுதிக் கொடுத்தேன். 260 யூரோ வந்தது. மீதி 260 வரவில்லை. இரண்டாவது கடிதம் போன வாரம் போயிருக்கிறது.